சங்கு ஊதாத குவாரி

ஓடுகிறேன். காலில் செருப்பு இல்லை. "வெடி! வெடி! ஒதுங்குங்க!" தொண்டை கிழியக் கத்துகிறேன். எதிரே கடலைக்கொல்லை. அதற்கு அந்தப் பக்கம் குவாரி. கொல்லையில் எங்கள் ஊர்ச் செல்வி குனிந்து கடலை பறித்துக்கொண்டிருக்கிறாள். எதிர்க்காற்று. அவள் நிமிரவில்லை.

செவ்வாய்க்கிழமை. மதியம் மூன்று பத்து. முதலில் காலடி மண் உதறியது. பிறகுதான் சத்தம். பிறகு கற்கள். ஓட்டின் மேல் சடசடவென்று. தகரத்தின் மேல். கிணற்றுத் தண்ணீரில். ஒன்று மட்டும் சத்தமே இல்லாமல் விழுந்தது. அது செல்வியின் மேல் விழுந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

நான் மோதினார். துறையூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறவன். எங்கள் ஊருக்குப் போர் வந்ததில்லை. வெடி வந்தது. மூன்று வருடம். வாரத்தில் நான்கு நாள், ஐந்து நாள். இதைப் போர் என்று சொல்லக் கூடாது என்கிறார்கள். சொல்கிறவர்கள் வந்து ஒரு வாரம் எங்கள் ஊரில் இருந்து பார்க்கட்டும்.

குவாரிக்காரர் எங்கள் ஜமாஅத்து ஆள்தான். ஹாஜியார். தொழுகையில் முதல் வரிசை. வெடிக்கு முன் எச்சரிக்கைச் சங்கு ஊத வேண்டும். ஒரு நாளும் ஊதியதில்லை. ஒரு ரமலானில் பள்ளிவாசலுக்குப் புது மைக் செட் கொடுத்தார். நான்கு குழாய் ஸ்பீக்கர். பழையதைக் கழற்றி அவர் ஆட்களே எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்குச் சந்தோஷம். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. குவாரியிலிருந்து போன் வரும். நான் மைக்கில் சொல்வேன். கொல்லையில் இருப்பவர்கள் வீட்டுக்கு ஓடுவார்கள். நல்ல காரியம் செய்கிறேன் என்று நினைத்தேன், மடையன்.

வீடுகள் விரிசல் விட்டன. மனு எழுதிக்கொண்டு திருச்சி கலெக்டர் ஆபீஸுக்குப் போனோம். அங்கே ஸ்ரீரங்கம் போகச் சொன்னார்கள். ஸ்ரீரங்கத்தில் திருச்சிதான் என்றார்கள். கடைசியில் ஒரு அதிகாரி வந்தார். விரிசலைப் பார்க்கவில்லை. ஹாஜியார் வீட்டில் பிரியாணி சாப்பிட்டார். சங்கு எங்கே என்று பேருக்குக் கேட்டார். ஹாஜியார் எங்கள் மினாராவைக் கைகாட்டினார். எச்சரிக்கை ஏற்பாடு உள்ளது என்று அதிகாரி எழுதிக்கொண்டார். என் பேரையும் கேட்டு எழுதினார். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அந்தத் தலையை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

இது எங்கள் இமாம் காதுக்குப் போனது. ஹஜ்ரத் என்று கூப்பிடுவோம். முப்பது வயது, அதிர்ந்து பேசாதவர். வெள்ளிக்கிழமை பயானில் ஹாஜியாரை நேராகப் பார்த்தே பேசினார்.

"அநியாயத்தக் கையால தடுக்கணும். முடியலன்னா வாயால சொல்லணும். நாம மைக்க வாங்கிக்கிட்டு வாயக் குடுத்துட்டோம்."

மறுநாள் காலை நானும் ஹஜ்ரத்தும் ஸ்பீக்கர்களைக் கழற்றினோம். மைக் இல்லை என்றால் ஹாஜியார் சங்கு வைத்துத்தானே ஆக வேண்டும்? அப்படித்தான் கணக்குப் போட்டோம். செல்வி பள்ளிவாசல் கேட் பக்கம் வந்து நின்றாள்.

"திருப்பிக் குடுத்துடுங்க பாய். அவர் பொருள் நமக்கு எதுக்கு?"

தள்ளுவண்டியில் ஏற்றிக் குவாரி வாசலில் இறக்கினோம். மைக் இனிமேல் கிடையாது என்று ஹாஜியார் முகத்துக்கு நேராகவே ஹஜ்ரத் சொன்னார். ஹாஜியார் கோபப்படவில்லை. சிரித்தார். திங்கட்கிழமை சங்கு வந்துவிடும் என்றார். வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக நின்று சொன்னார். நாங்கள் நம்பினோம்.

திங்கள் போனது. சங்கு இல்லை. செவ்வாய் மூன்று மணிக்கு என் போன் அடிக்கிறது. குவாரி. பத்து நிமிடத்தில் வெடியாம். கொல்லையில் ஆள் இருக்கு, நிறுத்துங்க என்கிறேன். லைன் கட். திரும்பக் கூப்பிடுகிறேன். எடுக்கவில்லை. என்னிடம் மைக் இல்லை. ஐம்பத்தெட்டு வயதுக் கால் இரண்டு இருந்தது. ஓடினேன்.

மைக் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்கிறது ஊர். உண்மைதான். அன்றைக்குப் பிழைத்திருப்பாள். ஆனால் வெடி வைத்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஜமாஅத்து கூடியது. ஊரில் குழப்பம் செய்தார் என்று ஹஜ்ரத்தை நீக்கினார்கள். பஸ் ஏற்றிவிடப் போனேன். நாம் செய்தது தப்பா என்று கேட்டேன்.

"செல்விய நெனச்சாத் தூக்கம் வரல பாய். ஆனா அந்த மைக்கத் திரும்பவும் அவர் வாசல்ல கொண்டுபோய்த்தான் வைப்பேன்." அழுதார். பஸ் வந்தது.

எழுதிக்கொள்ளுங்கள். விரிசல் விட்ட வீடு பதினாறு. இடிந்தது இரண்டு. தூர்ந்துபோன கிணறு ஒன்று. வேலை போன இமாம் ஒருவர். செத்தது செல்வி, வயது நாற்பத்திரண்டு, கையில் பறித்த கடலையோடு. குவாரி நின்ற நாள் ஒன்றுகூட இல்லை. போலீஸ் கேஸில் பேர் ஒன்றுதான் இருக்கிறது, எச்சரிக்கத் தவறியவர் என்று. என் பேர்.