இறங்கத் தெரிந்த சக்கரம்

கரும்பு மணக்கும் கச்சிராயபாளையத்தில் கிரீஸ் மணக்கும் கைகளால் பட்டறைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டி வளர்த்த தலைவர், என் அன்பு அண்ணன் தமிழழகன் அவர்களே! எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டே கோளாறு சொல்லும் மூத்த மேஸ்திரிகளே! முன்வரிசையை முழுதாகக் கைப்பற்றி, இவன் எப்போது முடிப்பான், எப்போது இலை போடுவார்கள் என்று பொறுமையின் பூரண வடிவமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உள்ளே நாற்காலி காலியாக இருந்தும் வாசலில் வண்டிமேல் சாய்ந்துகொண்டே கேட்கும் தம்பிமார்களே! பட்டறைக்காரன் சவரியப்பனின் பணிவான வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் என்னை 'சஸ்பென்ஷன் சக்கரவர்த்தி' என்றார்கள். வாசல் பேனரிலும் அப்படியே போட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு என் மனைவி லூசி கேட்டாள்: "வூட்டுல கட்டில் கால் ஆடுதுன்னு ஆறு மாசமா சொல்லிக்கினு இருக்கேன். சக்கரவர்த்திக்கு எப்ப நேரம் கெடைக்கும்?" என்ன கைதட்டல் இவ்வளவு பலமாக வருகிறது? அவளுக்கா, எனக்கா? அவளுக்குத்தானா! சரி, நியாயம்தான்.

கல்வராயன் மலைக்கென்றே ஒரு பிக்கப் வண்டியின் பின்பக்கத்தை வடிவமைத்த வித்தகன் என்று புகழ்ந்தீர்கள். அந்த வண்டியை வித்தகன் முதலில் எப்படியெல்லாம் கெடுத்தான் என்று தெரிய வேண்டாமா? தெரிந்த பிறகும் கைதட்ட மனம் வந்தால் தட்டுங்கள்.

மலைமேல் மரவள்ளி போடுகிற விவசாயி வேடியப்பன். நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய பிக்கப் ஒன்று வைத்திருக்கிறார். அவர் ஊரிலிருந்து தார்ச்சாலைக்கு ஏழு கிலோமீட்டர். அது பாதையா? பாறையும் பள்ளமும் பங்கு போட்டுக்கொண்ட இடம்! அவர் மனைவி ஆயம்மாளுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. திங்களும் வியாழனும் கள்ளக்குறிச்சிக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். பிக்கப்பின் பின்னால் மெத்தை போட்டுப் படுக்க வைத்து, மகள் ஷாலினி பக்கத்தில் உட்கார்ந்து கூட்டி வருவார்கள். ஒரு நாள் வேடியப்பன் பட்டறைக்கு வந்தார்.

"அண்ணே, பின்னாடி ரொம்ப தூக்கிப் போடுது. ஊசி குத்துன கையோட கயித்தப் புடிச்சிக்கினு அழுவுறா. எதனா பண்ணுங்க."

நான் என்ன செய்தேன்? இந்தக் கரும்புச் சீமையில் நாமெல்லாம் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். வண்டி கீழே அமுங்குகிறதா? ஒரு பட்டை சேர்! ஒரு பக்கம் சாய்கிறதா? ஒரு பட்டை சேர்! வண்டிக்காரன் முகம் வாடியிருக்கிறதா? அதற்கும் ஒரு பட்டை சேர்! சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக வளைந்து கிடக்கும் அந்த இரும்புப் பட்டைகளோடு இன்னும் ஒன்றைச் சேர்த்துக் கட்டி, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். மேஸ்திரிகள் ஏன் தலை குனிகிறீர்கள்? நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

அந்த வியாழக்கிழமை டயாலிசிஸ் முடிந்து திரும்பும் வழியில் பட்டறை வாசலில் வண்டி நின்றது. மெத்தையில் படுத்தபடியே ஆயம்மாள் என்னைப் பார்த்தார்.

"இன்னாண்ணா பண்ண நீ? முன்ன தூக்கிப் போட்டுச்சி. இப்ப தூக்கி எறியுது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"திங்கக்கெழம நான் மலைய வுட்டு எறங்கமாட்டேன். செத்தா எங்க வூட்டுலயே சாவறேன்."

ஷாலினி என்னைத் தனியே இழுத்து, "பெரீப்பா, ஒரு மொற கூட வுடக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிக்கிறாரு. அம்மா சொன்னா சொன்னதுதான்" என்றாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. என் கையிலிருந்தது வெள்ளி, சனி, ஞாயிறு.

யோசித்தேன். தொழிலுக்கு வந்த இருபத்தேழு ஆண்டில் அன்றுதான் யோசித்தேன் என்று லூசி சொல்வாள், அதை விடுங்கள். ஒன்றரை டன் மூட்டையைத் தாங்கச் செய்த பட்டை, நாற்பத்திரண்டு கிலோ அம்மாவுக்கு அசையுமா? அசையாது! அசையாத பட்டையில் விழும் அடியெல்லாம் யாருக்குப் போகும்? மெத்தையில் கிடப்பவருக்குப் போகும்! பட்டையைக் குறைத்தால் பழையபடி மூட்டை ஏற்ற முடியாது என்று வேடியப்பனிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"மூட்ட கெடக்குது அண்ணே. பாதி பாதியா ஏத்திக்கிறேன். அவ எறங்கணும்."

அடுக்கை அவிழ்த்தேன். பழைய இரும்புக் கடையில் நீளமான, மெல்லிய பட்டைகளாகப் பொறுக்கி வந்தேன். அவை மாட்டும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளி வைத்தேன். குலுக்கலை வாங்கிக்கொள்ளும் பழைய ஜம்பரைக் கழற்றிவிட்டு நீள ஜம்பர் போட்டேன். சக்கரம் எவ்வளவு மேலே ஏறுகிறது என்று ஜாக்கி வைத்து, சாக்பீஸில் கோடு போட்டு, ஒரு தடவைக்கு மூன்று தடவை அளந்தேன். அளந்தவன் யார்? சக்கரவர்த்தி அல்லவா!

சனிக்கிழமை காலை வேடியப்பன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, மலையேறினோம். வண்டி தொட்டில்போல் போனது. நான் பாட்டுக்கூடப் பாடினேன். அப்போது வந்தது ஓர் ஓடைப் பள்ளம். ஒரு பின்சக்கரம் பள்ளத்துக்குள் நீண்டு தொங்கியது. தொங்கிக்கொண்டே போனது. பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய் நீளம் போதாமல் பட்டென்று அறுந்தது! வண்டி பின்னோக்கி உருண்டது. பிரேக் எண்ணெய் எங்கே? பாதையிலே! வேடியப்பன் எங்கே? ஸ்டியரிங்கிலே! சக்கரவர்த்தி எங்கே? சீட்டுக்கு அடியிலே! ஒரு பலா மரம் குறுக்கே நின்றதால் இன்று இந்த மேடையில் நிற்கிறேன். உண்மையில் என் கழுத்தில் கிடக்கும் இந்த மாலை அந்தப் பலா மரத்துக்குச் சேர வேண்டியது.

மரத்தில் முட்டி நின்ற வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்தேன். அந்தச் சக்கரம், இந்த மேடை நாற்காலியில் என் கால் எட்டாமல் தொங்குவதுபோல் அந்தரத்தில் தொங்கியது. வேடியப்பனும் குனிந்து பார்த்தார்.

"மேல ஏறறத அளந்தீங்களே அண்ணே, கீழ தொங்கறத அளக்கலியா?"

அளக்கவில்லை ஐயா! ஏன் அளக்கவில்லை? கரும்பு ஏற்றிக் கரும்பு ஏற்றி, அமுங்கிய வண்டியைத் தவிர வேறு வண்டி பார்த்தவனா நான்? சமவெளியில் சக்கரம் எங்கே தொங்கியது, நான் அளப்பதற்கு? அந்த அம்மா படுத்திருக்கும்போது அறுந்திருந்தால்?

ஞாயிறன்று நான் பூசைக்குப் போகவில்லை. இங்கே வந்திருக்கும் பங்குத்தந்தை மன்னிக்க வேண்டும். ஆனால் சாமி, அன்று முழுக்க நான் முழங்காலில்தான் இருந்தேன், வண்டிக்குப் பக்கத்தில். சக்கரத்தைத் தொங்கவிட்டு அளந்தேன். குழாயை நீளமாகப் போட்டேன். அளவுக்குமேல் இறங்காதபடி அச்சை ஒரு தடித்த பெல்ட்டால் பிடித்துக் கட்டினேன். ஏற்றமும் இறக்கமுமாகப் பதினோரு அங்குலம்! முன்பு அதில் பாதிகூட இல்லை.

திங்கள் விடியலில் அவர்கள் வீட்டு வாசலில் நின்றேன். ஆயம்மாள் ஏறவில்லை. "மொதல்ல நீ படு அண்ணா" என்றார். ஊரே கூடிப் பார்க்க, சக்கரவர்த்தி மெத்தையில் மல்லாந்தார். வேடியப்பன் அந்த ஓடைப் பள்ளத்தில் இறக்கி, ஏற்றி, திருப்பிக் கொண்டுவந்தார். ஆயம்மாள் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணன் அழுவல. செரி, நான் வரேன்" என்றார்.

பெரியோர்களே! வண்டி என்றால் மேலே தூக்கி நிறுத்துவது என்றே நினைத்திருந்தேன். பள்ளம் கண்டும் இறங்காத சக்கரம், தன்மேல் இருப்பவரைத் தூக்கி எறிகிறது! பள்ளத்துக்குள் இறங்கித் தரையைத் தொடும் சக்கரம்தான் அவரைக் காக்கிறது! இரும்புக்குத் தெரிந்த இந்த இறக்கம், இருபத்தேழு வருடத் தலைக்கனத்துக்குத் தெரியவில்லையே! இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி. அந்த ஏழு கிலோமீட்டருக்கு நல்ல சாலை போட்டால் என் பதினோரு அங்குலம் யாருக்கு வேண்டும்? என் கண்டுபிடிப்பு பழைய இரும்புக் கடைக்குப் போகட்டும்! நாளைக்கே போகட்டும்! நானே தூக்கிக்கொண்டு போய்ப் போடுகிறேன்!

இன்று வியாழக்கிழமை, டயாலிசிஸ் நாள். ஆயம்மாள் இந்தக் கூட்டத்துக்கு வர இயலாது. மேடை ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால், மலைப்பாதையிலிருந்து ஷாலினி போன் செய்தாள். பேச்சே சரியாகக் கேட்கவில்லை. பயந்துபோய், "இன்னாம்மா, அம்மாவுக்கு எதனா ஆச்சா? ஏன் குசுகுசுன்னு பேசற?" என்று கத்தினேன்.

"கத்தாதீங்க பெரீப்பா. ஓடப் பள்ளம் தாண்டிட்டோம். அம்மா தூங்குது."

இதற்குமேல் எனக்கு உரக்கப் பேச வரவில்லை. அழைத்தவர்களுக்கும் பொறுத்தவர்களுக்கும் நன்றி. மெதுவாகவே சொல்லி அமர்கிறேன். வணக்கம்.