பேருந்தில் வந்த வாசற்கால்

எண்பதுகளில் ஒரு நாள், திருப்பத்தூரிலிருந்து மலையேறிய பேருந்தில், ஒருவர் தன் புது வீட்டுக்கான குட்டை வாசற்காலைப் படிக்கட்டருகே நிறுத்திப் பிடித்திருந்தார். காவலூரில் இறங்குபவர்கள் அதற்குள் நுழைந்துதான் போக வேண்டும்.

"வலது காலை வச்சிப் போங்க!" என்று காவலூரில் வண்டி நின்றதும் அவர் கத்தினார்.

அவர் மனைவி துள்ளி எழுந்தாள். "யாரும் நுழையாதீங்க! எங்க வூட்டு வாசக்காலு, நானே இன்னும் நுழையல!"

"இன்னாம்மா இது, பஸ்ஸு நிக்குது," என்றார் கண்டக்டர்.

"பன்னெண்டு வருசமா மாமியா வூட்ல இருக்கேங்க. ஒரே நிமிசம்."

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "வழி வுடுங்கப்பா! வூட்டுக்காரம்மா வர்றாங்க!"

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வலது காலை வைத்து அவள் முதலில் இறங்கினாள். பிறகு கீழேயே நின்று, இறங்கிய ஒவ்வொருவரையும் பார்த்துச் சொன்னாள்:

"வாங்க, வாங்க."