ஷேர் ஆட்டோவுக்கு உயிர் உண்டா?

“அங்கிள், உங்க ஆட்டோ சாப்பிடுமா?”

மேனாம்பேட்டில் அம்மாவோடு ஏறிய மூன்றாம் வகுப்புச் சிறுமி டிரைவரைக் கேட்டாள். அன்று அவளுக்கு அறிவியல் பரீட்சை. அயனம்பாக்கத்துப் பள்ளிக்கூடம் வருவதற்குள் உயிருள்ளவை, உயிரற்றவை பாடத்தைப் படித்து முடித்தாக வேண்டும்.

“நல்லா சாப்புடும் பாப்பா. இப்பத்தான் கேஸ் போட்டுகினு வந்தேன்.”

“மூச்சு விடுமா?”

“பின்னாடி பாரு, பொகையா உடுது.”

“வளருமா?”

“வளராம? கம்பெனில மூணு பேருக்குத்தான் செஞ்சாங்க. இப்ப எட்டு பேர் குந்திகினு கீறோம்!”

சிறுமி அம்மாவின் மடியிலேயே துள்ளினாள். “அம்மா! ஆட்டோ லிவிங் திங்!”

“அப்படி எழுதினா முட்டைதான். ஆட்டோவுக்கு உயிர் கிடையாது. ‘இட் இஸ் எ நான்-லிவிங் திங்.’ முழுசா சொல்லு.”

அவள் வாயைத் திறப்பதற்குள் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

“கோச்சிக்கிச்சும்மா! அதுக்குக் காதுகூட கேக்குது!” என்றாள் சிறுமி.

டிரைவர் ஹேண்டில்பாரைத் தட்டிக்கொடுத்தார். “அவங்க தெரியாம சொல்ட்டாங்க. கெளம்பு தாயி.”

வண்டி அசையவில்லை. தூரத்தில் பள்ளிக்கூடத்தின் முதல் மணி அடித்தது.

“சரி, உயிர் இருக்கு! போகச் சொல்லுங்கண்ணா!” என்று அம்மா கத்தினார்.

அடுத்த முறை சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது. பின்சீட்டில் யாரோ கைதட்டினார்கள்.

“அம்மா, இப்ப பரீட்சைல நான் என்ன எழுதறது?”

அம்மா ஒருமுறை டிரைவர் பக்கம் பார்த்தார். பிறகு மகளின் காதருகே குனிந்து, மிக மெதுவாகச் சொன்னார்:

“இறங்கினதும் சொல்றேன்.”