கூப்பிடுகிறவனுக்குத் தொப்பி எதற்கு

வரும் வழியில் மூஸ் மான் எதுவும் குறுக்கே வரவில்லையே? நல்லது. இருட்டினால் இந்தப் பக்கம் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். மற்ற மான் என்றால் கண் பளபளக்கும், பிரேக் போட்டுவிடலாம். மூஸுக்குக் கால் நீளம். கண் நம் வண்டி விளக்குக்கு மேலே போய்விடும். கார் அதன் காலைத் தட்டினால் அந்த அரை டன் உடம்பு கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஓட்டுகிறவன் மடியில் விழும். மாவட்டச் சாலைகள் என் பொறுப்பு. அப்படிச் செத்தவர்களை வெளியே எடுத்தவன் நான்.

அதனால்தான் மூஸ் வேட்டைக்கு ஒரு சீசன் வேண்டும் என்றேன். என் அப்பா காலத்திலிருந்தே இந்த மாநிலத்தில் மூஸைச் சுடத் தடை. தலைநகருக்குப் போய்ப் பேசினேன், திரும்பவும் போனேன். நகரத்துப் பெண்கள் என்னைக் கொலைகாரன் என்றார்கள். விபத்துப் படங்களைக் காட்டினேன், பேச்சு அடங்கியது. கடைசியில் அக்டோபரில் ஒரு வாரம், ஏரியின் மேற்குக் கரையில் மட்டும், குலுக்கலில் பெயர் வந்தவர்களுக்கு மட்டும் என்று அனுமதி கிடைத்தது. ஊரில் அதை என் பெயரிலேயே, ஹாலிஸ் சீசன் என்று சொல்வார்கள். இதுவரை சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

இனி ஆர்மான் பெல்க்கி. பள்ளிப் பேருந்து ஓட்டினான். பெண்டாட்டி கிடையாது, ஏரிக்கு அக்கரையில் தனி வீடு. பிர்ச் மரப்பட்டையைக் கூம்பாகச் சுருட்டி, வாயில் வைத்து, பெண் மூஸ் துணைக்கு ஏங்குவதுபோல் குரலை நீளமாக இழுப்பான். செப்டம்பர் சாயங்காலங்களில் அவன் ஒரு தடவை இழுத்தால் போதும், ஆண் மூஸ்கள் மரத்தை முறித்துக்கொண்டு வரும். எங்கள் சமையலறையில் என் மனைவி டெல்ஃபின் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்குப் போய்விடுவாள்.

"கேளேன் ஹாலிஸ், இன்னிக்கு எப்படி இழுக்கறான்னு."

பஸ் ஹாரனுக்கு இது தேவலை என்பேன். அவள் சிரிக்க மாட்டாள். நான் கொல்லையிலிருந்து கூப்பிட்டால் மூன்று தடவை கூப்பிட வேண்டும். அதற்கப்புறம்தான் "என்ன?" என்பாள், அதுவும் உள்ளே இருந்தபடியே. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது?

அவர்களுக்குள் ஏதாவது இருந்ததா என்று கேட்கிறீர்கள். நான் பார்த்தவரை ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை தேவாலயக் கூடத்தில் பீன்ஸ் விருந்து நடக்கும். ஒருமுறை அங்கே எல்லோரும் கேட்டதால் ஆர்மான் கூம்பில்லாமல், வெறும் கையைக் குவித்து இழுத்துக் காட்டினான். டெல்ஃபினின் முகம் காது வரை சிவந்தது. அவன் என் பக்கம் திரும்பினான்.

"உங்கிட்ட சட்டம் இருக்குப்பா ஹாலிஸ். எங்கிட்ட குரல்தான் இருக்கு. எது கூப்பிட்டா வருதுன்னு பாத்துடலாமா?"

மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். இன்னும் கொஞ்சம் பீன்ஸ் போட்டுக்கொண்டேன்.

விதிகளை எழுதும் குழுவில் நான் இருந்தேன். மூஸ் என்று நினைத்து ஆளையே சுட்டுவிடாமலிருக்க, வேட்டைக்கு வருபவர் எல்லோரும் ஆரஞ்சுத் தொப்பி அணிய வேண்டும் என்று முதலில் எழுதியிருந்தார்கள். அது ரொம்பப் பொதுவாக இருக்கிறது என்றேன். காப்பி கொண்டு வருகிறவருக்கும் தொப்பியா, லாரி ஓட்டுகிறவருக்கும் தொப்பியா? 'துப்பாக்கி ஏந்துபவர்' என்று போடுங்கள், தெளிவாக இருக்கும். எல்லோருக்கும் பசி. தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

சுடுகிறவனோடு போய் மூஸைக் கூப்பிடுகிறவன் துப்பாக்கி எடுத்துப் போக மாட்டான். தொப்பியும் போட மாட்டான். மூஸுக்கு ஆரஞ்சு நிறம் தெரியாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பழுப்புக் கம்பளிக் கோட்டோடு மரத்தோடு மரமாக நிற்பதுதான் அவர்களுக்குக் கௌரவம். போட்டிக்கு இன்னொரு ஆண் வந்துவிட்டதாகக் காட்ட, மூஸின் தோள்பட்டை எலும்பால் புதரை உரசுவார்கள். பொறாமையில் நிஜ மூஸ் ஓடி வரும். ஆர்மான் உரசினால் மனிதனா மூஸா என்று எனக்கே தெரியாது என்று நான் போகுமிடமெல்லாம் சொல்லி வந்தேன். அது ஊர்ப்பேச்சாகிவிட்டது. பிறகு விசாரணையில் ஆளுக்கொரு தடவை அதையே சொன்னார்கள்.

முதல் வருடக் குலுக்கலில் என் பெயர் வரவில்லை. அடுத்த வருடமும் இல்லை. போன வருடம் வந்தது. எனக்குக் கூப்பிட வருகிறாயா என்று ஆர்மானைக் கேட்டேன். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினான். டெல்ஃபின் எங்கள் இருவருக்கும் சாண்ட்விச் கட்டித் தந்தாள். எனக்கு வெங்காயம் ஆகாது. இரண்டிலும் வெங்காயம் இருந்தது.

விடிந்து பனி விலகியிருந்தது. ஆர்மான் புதர்களுக்குள் போய் இழுத்தான். கூம்பில் அவன் இழுப்பதைப் பக்கத்திலிருந்து கேட்டது அன்றுதான். நன்றாக இருந்தது. ஒரு கணம் எனக்கே எழுந்து போகவேண்டும் போலிருந்தது. பிறகு எலும்பால் உரசினான். இலைகளுக்கு நடுவே பழுப்புக் கோட்டு அசைந்தது. அந்த எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது, அதைப் பிடித்திருந்த விரல்களும் தெரிந்தன. சுட்டேன்.

சட்டம் எதுவும் மீறப்படவில்லை என்றார்கள். பாவம் ஹாலிஸ் என்று அக்கம்பக்கத்தார் எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். டெல்ஃபின் ஒன்றும் கேட்கவில்லை. குளிர்காலம் முழுக்கக் கேட்கவில்லை. பனி உருகும்போது, தட்டு கழுவிக்கொண்டே கேட்டாள்.

"எலும்பு வெள்ளையாச்சே, ஹாலிஸ். உனக்குத் தெரியலையா?"

திரும்ப விசாரிக்கச் சொல்லி உங்களுக்குத் தகவல் சொன்னதும் அவளாகத்தான் இருக்கும். அதில் எனக்குக் கோபமில்லை.

ஆர்மானின் தங்கை அந்த மரப்பட்டைக் கூம்பை டெல்ஃபினுக்குக் கொடுத்திருக்கிறாள். இந்தச் செப்டம்பரில் சாயங்காலமானால் எங்கள் படகுத்துறையில் உட்கார்ந்து இழுக்கிறாள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, அப்படியே அவன் குரல்தான். போன வாரம் பெரிய ஆண் மூஸ் ஒன்று தண்ணீரில் இறங்கி வந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. உள்ளே வா என்று மூன்று தடவை கூப்பிட்டேன். அவள் திரும்பவே இல்லை.

எங்கள் வீடு இருப்பது கிழக்குக் கரை. இங்கேயும் சீசன் வேண்டும் என்று மறுநாளே தலைநகருக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இந்தப் பக்கமும் விபத்துகள் கூடிவிட்டன, உயிர்களைப் பற்றி யோசிக்க வேண்டுமல்லவா? நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தத் தொப்பி விதியை மட்டும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டெல்ஃபின் துப்பாக்கியைத் தொட்டதே கிடையாது.