சேலையூருக்குப் போகாத சேதி

மின்சார ரயில் பல்லாவரம் தாண்டியதும், மூன்று பேர் இருக்கையில் எனக்கெதிரே இருந்த இரண்டு கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர்களில் கண்ணாடி போட்டவன் சொன்னான்: "அவங்ககிட்ட இருக்கிறது பழைய வேல்யூ, மச்சான்."

"இப்பவும் கிளாஸ் எடுக்கணுமாடா?" என்றான் மற்றவன்.

"நம்ம மெஷின்ல ரெண்டு ப்ராசஸர். ஒரே டேட்டா வேல்யூவை ரெண்டும் தனித்தனியா தன் கேஷ்ல, அதாவது பக்கத்துலயே இருக்கிற சின்ன மெமரியில, வெச்சிருக்கும். ஒண்ணு மாத்தினா பொது லைன்ல சொல்லணும். கேட்டவுடனே இன்னொண்ணு, தன்கிட்ட இருக்கிறது செல்லாதுன்னு தூக்கிப் போட்டுடும். சொல்லலேன்னா பழசை வெச்சே கணக்குப் போட்டுட்டிருக்கும்."

"மத்தியானம் நம்ம ஆபீஸ் மூர்த்தி லாரியில அடிபட்டு போய்ட்டான். சேலையூர்ல அவன் வைஃப் இப்ப ரெண்டு பேருக்கு அரிசி களைஞ்சிட்டிருப்பாங்க."

"அதத்தாண்டா சொல்றேன். வீட்ல போன் இல்ல. நாமதான் லைன்."

"நீயே சொல்லிடு."

"கல்யாணத்துல அவன் பக்கத்துல நின்னவன் நீ. நீ சொல்லு."

குரோம்பேட்டையும் சானடோரியமும் கடந்து போயின. தாம்பரம் கடைசி ஸ்டேஷன்; சேலையூருக்கும் இங்கேதான் இறங்க வேண்டும். பெட்டியில் இருந்தவர்கள் இறங்கினார்கள். பிளாட்பாரத்திலிருந்து ஜன்னல் வழியே பார்த்தேன். உள்ளே அந்த இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார்கள்.