கிணற்றில் எட்டு

எனக்குச் சர்க்கரை ஒன்றரைக் கரண்டி. உங்கள் காவலர் இரண்டு போட்டுவிட்டார். பரவாயில்லை ஐயா, குடித்துவிடுகிறேன். அடுத்த தடவைக்குச் சொல்லி வையுங்கள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் மனைவி சொல்லிச் சிரிப்பாள்: "இவருக்குச் சாப்பாடு போட வேண்டாம், தராசுல நிறுத்துக் குடுத்தாப் போதும்." அவள் சொல்வதில் தப்பில்லை. தொழில் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது.

ஆய்வுக்கூடத்தில் எனக்குச் 'சொட்டு சார்' என்று பெயர். இருபத்திரண்டு வருடமாகத் தண்ணீர் மேசை என்னுடையது. ஆறோ குளமோ கிணறோ, எங்கிருந்து தண்ணீர் வந்தாலும் அதில் பூச்சிமருந்து எவ்வளவு என்று சொல்லவேண்டியவன் நான். ஒரு தண்ணீர் லாரி முழுக்க ஒரு சிட்டிகையில் பத்தில் ஒரு பங்கு கலந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் ஒரு லிட்டர் எடுத்து, அதில் ஒரு கரைப்பானை ஊற்றிக் குலுக்கினால், தண்ணீரில் உள்ள மருந்தையெல்லாம் அது தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அதைப் பிரித்து, வற்றவைத்து, ஊசியால் ஒரு சொட்டு எடுத்துக் கருவிக்குள் செலுத்தினால் தாளில் ஒரு மேடு வரையும். மேட்டின் உயரம்தான் கணக்கு.

இதில் ஒரு ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு தடவையும் மாதிரிகளோடு சேர்த்து ஒரு வெற்றுக் குப்பியும் போகவேண்டும். சுத்தமான தண்ணீரை அதே புனல், அதே கரைப்பான், அதே ஊசி வழியாகக் கொண்டுபோய் அளப்பது. அதில் ஏதாவது தெரிந்தால் அழுக்கு வெளியே இல்லை, நம் பாத்திரத்தில்தான் இருக்கிறது என்று அர்த்தம். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள் இல்லையா, வெற்றுக் குப்பி அதைக் காட்டிவிடும். நீங்கள் விசாரிக்கிற அந்தக் கிணற்றுத் தண்ணீரை அளந்த அன்றைக்கும் வெற்றுக் குப்பி தயார் செய்தேன். மின்சாரம் போய்ப் போய் வந்தது. வெற்றுக் குப்பியில் எனக்கு ஒருநாளும் ஒன்றும் வந்ததில்லை என்பதால் அதைக் கருவியில் போடாமல் குளிர்பெட்டியில் வைத்தேன். அளக்காமலே அறிக்கையில் 'வெற்றுக் குப்பி: மருந்து இல்லை' என்று எழுதினேன். அதை உங்களிடம் மறைக்கவில்லை, கேட்டுக்கொள்ளுங்கள்.

கிணற்றுக்கு வந்தது எட்டு. லிட்டருக்கு எட்டு மைக்ரோகிராம். குடிக்கிற தண்ணீருக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மறுநாளே கிணற்றுக்குப் பூட்டுப் போட்டார்கள்.

அறுபது வீடுகளுக்கு அந்த ஒரு கிணறுதான். இரும்பு மூடி, பக்கத்தில் மோட்டார் அறை. அந்த மோட்டாரை இயக்கிக் குழாயைத் திறந்துவிடுகிற அம்மாளை எல்லாரும் 'மோட்டார் அக்கா' என்பார்கள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். காலையில் மோட்டார் போட்டதும் முதல் செம்புத் தண்ணீரைத் தான் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் தெருவுக்குத் திறந்துவிடுவாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. "அறுபது வீட்டுக் குழந்தைங்க குடிக்குது தம்பி, நாம மொதல்ல குடிக்க வேணாமா?" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

பூட்டிய பத்தொன்பது நாளும் அந்த அறுபது வீட்டுக்காரர்கள் பெரிய சாலையைத் தாண்டிப் போய்க் குடம் சுமந்தார்கள். அதற்குள் தலைமை ஆய்வுக்கூடம் கிணற்றிலிருந்து புதிதாக மாதிரி எடுத்துப்போய் அளந்தது. அவர்கள் அறிக்கையில் ஒரே வரி: கண்டறியப்படவில்லை. கிணற்றைத் திறந்துவிட்டார்கள்.

எங்கள் இயக்குநர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "என்னய்யா, எட்டு கெணத்துல இருந்துச்சா, ஒன் கண்ணுல இருந்துச்சா?" கடைநிலை ஊழியர்வரை சிரித்தார்கள். அன்று மத்தியானத்திலிருந்து நான் சொட்டு சார் இல்லை, 'எட்டு' ஆகிவிட்டேன். "எட்டு வந்தாச்சா?" "எட்டுக்கு ஒரு டீ." இருபத்திரண்டு வருடம் ஒரு சொட்டுப் பிசகாதவனை ஒரே நாளில் கோமாளி ஆக்கிவிட்டார்கள். கோபத்தில் அன்றே மனுப் போட்டேன்: இரண்டு ஆய்வுக்கூடமும் சேர்ந்து, தெரு ஜனங்கள் முன்னால், மறுபடி மாதிரி எடுக்கவேண்டும். உடனே ஒப்புக்கொண்டு, ஆறு வாரம் தள்ளி ஒரு தேதி குறித்தார்கள்.

மனுப் போட்ட மறுநாள் கிணற்றடிக்குப் போனேன். சட்டைப்பையில் மடித்த தாள் ஒன்று இருந்தது; அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். மோட்டார் அக்கா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். பத்தொன்பது நாள் குடம் தூக்கியதில் அவளுக்கு இடுப்பு பிடித்திருந்தது. கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டே வந்தாள்.

"வாங்க தம்பி. மொகம் ஏன் இப்படிச் செத்துக் கெடக்கு? தப்புப் பண்ணாத மனுஷன் உண்டா? விடுங்க. நாங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்கல."

அப்படிச் சொல்லி ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். நல்ல தண்ணீர் ஐயா. இயக்குநர் கேலி செய்தபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. நான் கேட்காமலே ஒருத்தி என்னை மன்னித்துவிட்டாள்.

எங்களிடம் பறிமுதல் அலமாரி ஒன்று இருக்கிறது. தடைசெய்த மருந்துகளைக் கடைகளில் பிடித்துக் கொண்டுவந்து வைப்பார்கள். நான் எட்டு என்று எழுதிய மருந்தும் அதில் இருந்தது. சாவி என் பொறுப்பு. கிணற்றின் அகலம், ஆழம், தண்ணீர் மட்டம் எல்லாம் என் பழைய குறிப்பேட்டிலேயே இருந்தது. எட்டு வருவதற்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் போடும் கணக்கு அது.

பட்டப்பகலில்தான் போனேன். மாதிரிக் குப்பிகளோடு கிணற்றடியில் நிற்கிறவனை யார் சந்தேகப்படுவார்கள்? மோட்டார் அக்காதான் மூடியை நகர்த்திக் கொடுத்தாள். "பாத்து தம்பி, கல்லு வழுக்கும்," என்றாள்.

இரண்டு நாள் கழித்து மாதிரி எடுத்து அளந்தேன். அரைகூட இல்லை. நான் தண்ணீர் மேசைக்காரன், அதனால்தான் இந்தத் தவறு. இந்த மருந்துக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. சேறு என்றால் போய் ஒட்டிக்கொள்ளும். நான் ஊற்றியதெல்லாம் அடியில் உள்ள சேற்றில் போய் உட்கார்ந்துவிட்டது. சேறு என் மேசை இல்லை. அது 'சேற்று மேடம்' என்று நாங்கள் கூப்பிடும் அம்மாளுடைய மேசை. என் கவலையெல்லாம் மேல் தண்ணீரில் எட்டு வரவேண்டும் என்பதுதான். அதனால் இன்னும் ஊற்றினேன். இரண்டானது. மறுபடி ஊற்றினேன், ஐந்தானது. நான்காவது தடவை முதல் தடவையைப்போல நாற்பது மடங்கு தேவைப்பட்டது.

அந்த ஆறு வாரமும் ஜனங்கள் குடித்தார்களே என்று கேட்பீர்கள். நானும் யோசிக்காமல் இல்லை. தேதி வந்ததும் எட்டு என்று தெரியும், கிணற்றைப் பூட்டிவிடுவார்கள், அதன்பின் யாரும் குடிக்கப்போவதில்லை. எட்டுக்கு மனிதன் சாகமாட்டான். வருடக்கணக்கில் குடித்தால்தான் கெடுதல். இப்படித்தான் கணக்குப் போட்டேன். கணக்கில் தண்ணீர் இருந்தது, சேறு இல்லை.

குறித்த நாளில் எல்லாரும் வந்தார்கள். வெயில் காலம், கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போயிருந்தது. சேற்று மேடம் யாரும் கேட்காமலே கயிற்றில் ஒரு கரண்டியை இறக்கி அடிச் சேற்றில் கொஞ்சம் அள்ளிக்கொண்டாள். "இவ்ளோ தூரம் வந்துட்டு வெறுங்கையோட போகணுமா சார்?" என்றாள். எனக்குச் சொரேர் என்றது. குனிந்து என் குப்பிகளுக்கு மூடி போட்டேன்.

முடிவு வர ஐந்து நாள் ஆகும் என்றார்கள். மூன்றாம் நாள் காலையில் மோட்டார் தண்ணீரோடு சேற்றையும் உறிஞ்சியது. முதல் செம்பை மோட்டார் அக்கா குடித்திருக்கிறாள். கொஞ்சம் கலங்கல்தான், வெயில் காலத்தில் வழக்கம்தானே என்று திறந்துவிட்டிருக்கிறாள். முதல் குடம் பிடித்தது கடைசி வீடு. அங்கே இரட்டைப் பெண் குழந்தைகள், நாலு வயது.

மத்தியானம் மருத்துவர் ஒருவர் ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசியில் பேசினார். நான்தான் எடுத்தேன். பதினான்கு பேர் வலிப்போடு வந்திருப்பதாகச் சொன்னார். "என்ன விஷம்னு பேரு மட்டும் சொல்லுங்க சார். அது தெரிஞ்சா எப்படிக் காப்பாத்தணும்னு எனக்குத் தெரியும். சும்மா ஒரு யூகமாவது சொல்லுங்க."

"முறைப்படி மாதிரி அனுப்புங்க டாக்டர். அளக்காம நான் எதையும் சொல்றதில்ல," என்றேன்.

அது உண்மைதான். இருபத்திரண்டு வருடத்தில் அளக்காமல் எதையும் சொன்னதில்லை. பெயரைச் சொல்லியிருந்தால் எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. அவர் மாதிரி அனுப்பினார், வரிசைப்படி வந்தது, வரிசைப்படி வைத்தேன். பதினொரு பேர் பிழைத்துக்கொண்டார்கள். மோட்டார் அக்கா மறுநாள் போனாள். குழந்தைகளில் ஒன்று மருத்துவர் பேசிய அன்றிரவே, இன்னொன்று அதற்கு மறுநாள்.

குழந்தைகளை அடக்கம் செய்த அன்று கூட்டு அறிக்கை வந்தது. தலைமை ஆய்வுக்கூடம் எட்டு புள்ளி ஒன்று. நாங்கள் எட்டு. இயக்குநர் என் மேசைக்கே நடந்து வந்தார். கண் கலங்கியிருந்தது.

"நீ அன்னைக்கே சொன்னியேய்யா. நான்தான் கேக்கல. மன்னிச்சுடு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கி அன்று நன்றாகத் தூங்கினேன். என் மனைவிதான் தூங்கவில்லை. யார் வீட்டுக் குழந்தைகளோ என்று அழுதுகொண்டிருந்தாள்.

சேற்று மேடத்தின் முடிவு நாலு நாள் தாமதமாக வந்தது. சேறு மெதுவான வேலை. அவள் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். சேற்றில் இருந்தது நாலு இலக்க எண். ஆனால் அவளுடைய விரல் அந்த எண்ணைக் காட்டவில்லை. வயலில் அடித்த மருந்து மழையிலும் வெயிலிலும் சிதைந்து வேறு வேறு பொருளாக மாறித்தான் கிணற்றுக்கு வரும். தாளில் பெரிய மேட்டுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன மேடுகளாகத் தெரியும். இதில் ஒரே ஒரு மேடுதான் இருந்தது.

"சார், இது வயல்லேருந்து வரல. வயசே ஆகாத விஷம் சார் இது. யாரோ டப்பாவத் தெறந்து ஊத்தியிருக்காங்க." அப்புறம் பறிமுதல் அலமாரியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நல்ல வேலைக்காரி ஐயா. அவளுக்குப் பதவி உயர்வு கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது அந்தத் தாள். மனுப் போட்ட மறுநாள் காலையில், எல்லாரும் வருவதற்கு முன்னால், குளிர்பெட்டியில் இருந்த வெற்றுக் குப்பியை எடுத்துக் கருவியில் போட்டேன். அதிலும் எட்டு வந்தது. கழுவாத ஊசியோ புனலோ, ஏதோ ஒன்று. எட்டு என் பாத்திரத்தில் இருந்தது, கிணற்றில் ஒருநாளும் இல்லை. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் மோட்டார் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அங்கிருந்து நேரே இயக்குநரிடம் போய் மனுவைத் திரும்ப வாங்குவதாக இருந்தேன். ஒரு கையெழுத்துப் போதும். ஆனால் அவள் முந்திக்கொண்டு, தப்புப் பண்ணாத மனுஷன் உண்டா என்றுவிட்டாள். உண்டு என்று அவளுக்குக் காட்டவேண்டியிருந்தது. அலமாரியைத் திறந்தது நான். நான்கு தடவையும் ஊற்றியது நான். பெயர் தெரிந்தும் மருத்துவரிடம் சொல்லாமல் இருந்ததும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம். மூன்றாம் பக்கத்தில் 'தவறான அறிக்கை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'தவறான' என்பதை மட்டும் அடித்துவிடுங்கள் ஐயா. கிணற்றில் எட்டு என்று எழுதினேன். போய் அளந்து பாருங்கள்.