கேட்டதைக் கொடுத்தேன்

மாதக் கடைசி வந்தால் ஆஸ்பத்திரியில் எனக்குச் சொந்தபந்தம் பெருகிவிடும், ஐயா. நர்சுகளுக்கு டியூட்டி போடுகிறவள் நான்தான். முகம் கொடுத்துப் பேசாதவள்கூட வந்து ஒட்டிக்கொள்வாள்.

"அக்கா, மாமியாருக்குக் கண்ணு ஆபரேஷன். என்னைப் பகல்ல போடுங்க."

"போன மாசம்தானேடி ஆச்சு?"

"அது இடது கண்ணு, அக்கா."

சிரித்துக்கொண்டே போட்டுவிடுவேன். மண் சுமந்து பிழைத்த வீட்டில் பிறந்தவள் நான். யார் தலை எவ்வளவு தாங்கும் என்று பார்த்தாலே தெரியும்.

நர்சுகளிலேயே வயதில் சின்னவள் ஒருத்தி, அவள் மட்டும் எதுவும் கேட்டதில்லை. நான் கேட்க விட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மருந்து அறையில் வலிப்பு வந்து விழுந்தாள். நான்தான் தாங்கிப் பிடித்தேன். தூக்கம் கெட்டால் அவளுக்கு வரும். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். இருவரும் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து என்னோடு பகல் டியூட்டிதான் அவளுக்கு. சாப்பிட்டாளா, மாத்திரை போட்டாளா, போனில் யாரோடு பேசுகிறாள், எல்லாம் நான்தான் பார்த்துக்கொண்டேன். கூடப் பிறந்தவள்கூட அப்படிப் பார்க்கமாட்டாள்.

ஒருநாள் சூப்பரின்டெண்ட் கூப்பிட்டார். "சிஸ்டர், அந்தப் பொண்ணை இனிமே உங்க ஷிஃப்டுல போட வேணாம். அதுவே வந்து கேட்டுச்சு. உங்ககூட இருந்தா மூச்சு முட்டுதாம்."

எனக்குக் கோபம் வரவில்லை. சரி சார் என்றேன்.

நான் எப்போதும் பகல். என்னோடு வேண்டாமென்றால் மிச்சம் மாலையும் இரவும்தானே. இரவு டியூட்டி முடித்தவர்களுக்கு மறுநாள் ஓய்வு கொடுப்பது எங்கள் வழக்கம். அவளுக்கு வரவேண்டிய ஓய்வையெல்லாம் கேட்ட மற்றவர்களுக்குக் கொடுத்தேன். அவள் இரவு முடிந்து போய் அன்று மதியமே மாலை டியூட்டிக்குத் திரும்பி வரவேண்டும். அப்படித்தான் போட்டேன்.

வந்து நின்றாள். "அக்கா, தூக்கம் கெட்டா எனக்கு என்னாகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. நீ கேட்டதைத்தானே கொடுத்தேன்? கஷ்டமா இருந்தா சார்கிட்ட காரணத்தைச் சொல்லு."

அவளால் சொல்ல முடியாது. மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். போய்விட்டாள்.

நீங்கள் விசாரிக்கிற அந்தக் காலை, நான் டியூட்டிக்கு வந்தபோது அவள் இரவு முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பேச்சு குழறியது. இடது கைவிரல்கள் தானாக இழுத்துக்கொண்டன. வலிப்புக்கு முன்னால் அவளுக்கு அப்படித்தான் ஆகும். அது அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தால் போதும். அவள் ஸ்கூட்டர் சாவியைத் தேடினாள். மேசை மேல்தான் கிடந்தது. எடுத்துக் கையில் கொடுத்தேன். பார்த்துப் போம்மா என்றேன்.

லாரிக்காரனை விட்டுவிடுங்கள், ஐயா. அவன் தன் பக்கம் சரியாகத்தான் வந்திருக்கிறான், ஸ்கூட்டர்தான் குறுக்கே போயிருக்கிறது. கொன்றவள் நான்.

ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தபோது மற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நான் ஒருத்தரையும் கிட்டே விடவில்லை. முகத்தை நானே துடைத்தேன், தலைமுடியை நானே ஒதுக்கிவிட்டேன்.

என் பக்கத்திலேயே இருந்திருந்தால் இன்றைக்கும் உயிரோடு இருந்திருப்பாள். அவளைப் பார்த்துக்கொள்ள என்னைவிட்டால் வேறு யார் இருந்தார்கள், சொல்லுங்கள்?